கேளுங்கள், சொல்கிறேன்

கே: மகன் இங்கிலாந்தில் நியூகாசிலில் வேலை பார்க்கிறான். பார்க்கப் போகும்போது டார்லிங்டனில் இறங்கலாமா? – வாசகி, உசிலம்பட்டி

ப: இறங்குங்கம்மா, நியூகாசிலிலிருந்து ரயிலில் அரை மணிதான். அடிப்படையில் அது உங்க ஊர் மாதிரி சந்தை ஊர். 1825 செப்டம்பர் 27-ல் ஸ்டாக்டன் – டார்லிங்டன் பாதை திறந்ததும் ரயில் ஊராகிவிட்டது. நீராவி இன்ஜின் ஓடிய முதல் பொது ரயில்பாதை அதுதான். அப்போது ஸ்கெர்ன் ஆற்றில் கட்டிய கல்பாலத்தில் இன்றும் ரயில் போகிறது. நான் அங்கே நின்றே அரை நாளைக் கழித்தேன், வீட்டம்மா முறைத்தாள். மணிக்கூண்டு வைத்த பழைய சந்தைக் கட்டடமும் உண்டு. கடைவீதி? நம்ம மாசி வீதியைப் பார்த்த கண்ணுக்கு அது வெறிச். ஸ்வெட்டரோடு கொஞ்சம் புளியோதரையும் கட்டிக்கொள்ளுங்கள்.