100 வோல்ட் தையல் மெஷினுக்கு எந்த டிரான்ஸ்ஃபார்மர்?

அக்கா, ஜப்பானிலிருந்து வந்த 100 வோல்ட் தையல் மெஷினை சுங்கை சிப்புட் கடையில் ஓட்ட, ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் மலிவாக இருக்கிறதே, ஐசொலேஷன் வகைக்கு மட்டும் ஏன் அவ்வளவு வெள்ளி என்று கேட்டிருந்தீர்கள்.

ஆட்டோவில் ஒரே சுருள்தான்; ஐசொலேஷனில் ஒன்றோடொன்று மின்தொடர்பில்லாத இரண்டு தனிச் சுருள்கள். 230 வோல்ட்டை 100-க்கு இறக்க, இரட்டைச் சுருளுக்கு ஆகும் செம்பில் சுமார் 57 சதவீதம் போதும். விலை இறங்குவது அதனால்தான். ஆனால் ஆட்டோவில், இரு பக்கத்துக்கும் பொதுவான சுருள் பகுதி அறுந்தால் 230 வோல்ட் நேராக மெஷினுக்கே வரலாம். மழை பெய்தால் கடைத்தரை ஈரமாகும் என்கிறீர்கள், அப்புறம் என்ன, ஐசொலேஷனே வாங்குங்கள். டோராய்டல் (வளைய வடிவ டிரான்ஸ்ஃபார்மர்) எடை குறைவு, சரி. விலை கூடும், சுவிட்ச் போட்டதும் பிரேக்கரும் விழலாம்.

வாங்கும்முன் மெஷின் லேபிளில் 50 ஹெர்ட்ஸ் (நம் மின்சாரத்தின் அதிர்வெண்) போட்டிருக்கிறதா பாருங்கள். 60 மட்டும் என்றால் அதை எந்த டிரான்ஸ்ஃபார்மரும் மாற்றித் தராது.