அண்ணனுக்கு ஆறிய நாக்கு எனக்கு ஏன் ஆறவில்லை?

கேள்வி: டாக்டர், எனக்கு 22 வயது, பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். போன சனிக்கிழமை ஜார்ஜ் டவுனில் ஒரு கடையில் நாக்கில் பியர்சிங் செய்துகொண்டேன். இன்றைக்கு ஐந்தாம் நாள். நாக்கு வீங்கிப் பேச்சு குழறுகிறது, கம்பியின் முனையில் உள்ள குண்டைச் சுற்றி வெள்ளையாக ஏதோ வருகிறது. அம்மா கோபத்தில் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேசினால் ‘மஞ்சளையும் தேனையும் குழைத்துத் தடவு’ என்பது மட்டும்தான். என் அண்ணன் மூன்று வருடமாகத் தைப்பூசத்துக்கு நாக்கில் அலகு குத்திப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறுகிறான். விரதத்தை முடிக்கும் இடும்பன் பூசை முடிந்த கையோடு நாசி கண்டார் கடையில் உட்கார்ந்துவிடுகிறான். எனக்கு மட்டும் ஏன் இப்படி? கம்பியைக் கழற்றிவிடட்டுமா?

பதில்: கழற்ற வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றது அப்புறம்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், ஐந்தாம் நாளில் ஒரு நாக்கு எப்படி இருக்குமோ அப்படித்தான் உங்கள் நாக்கும் இருக்கிறது. நாக்கு முழுக்கத் தசை, அதிலும் ரத்த ஓட்டம் அதிகமான தசை. ஊசி நுழைந்தால் வீங்கத்தான் செய்யும். முதல் நாள் ‘அட, இவ்வளவுதானா’ என்று இருக்கும். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் வீக்கம் ஏறி, பிறகு மெல்ல இறங்கும். ஒரு வாரம் பத்து நாளில் பெரும்பகுதி வடிந்துவிடும். கம்பி இவ்வளவு நீளமாக இருக்கிறதே என்று தோன்றியிருக்கும். அது கடைக்காரரின் தவறு இல்லை, வீங்குவதற்கு விட்ட இடம்.

அந்த வெள்ளையும் சீழ் இல்லை என்றே நினைக்கிறேன். ஆறுகிற காயத்திலிருந்து கசியும் நிணநீர் குண்டின் ஓரத்தில் வெளிர் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ படியும். நகத்தால் சுரண்டாதீர்கள், கொப்பளித்தால் தானே போகும். சீழ் என்றால் கெட்டியாக, பச்சை கலந்த மஞ்சளாக, நாற்றத்தோடு வரும். வலியும் குறைவதற்குப் பதிலாக நாளுக்கு நாள் கூடும்.

இப்போது அண்ணன் விஷயம். நல்ல கேள்வி இது, பலரும் மனதில் வைத்துக்கொண்டு கேட்காமல் போய்விடுகிறார்கள். அண்ணன் நாக்கில் போடுவது மெல்லிய வேல், அதுவும் சில மணி நேரத்துக்கு. மேலே கோயிலில் காவடியை இறக்கியதும் வேலை உருவி விபூதி வைத்துவிடுவார்கள். உள்ளே எதுவும் இல்லாததால் காயத்தின் இரண்டு பக்கமும் உடனே ஒட்டத் தொடங்கும். வாய்க்குள் பட்ட காயம் வெளித்தோலைவிட வேகமாக ஆறும். சாப்பிடும்போது நாக்கைக் கடித்துக்கொண்டால் இரண்டு மூன்று நாளில் மறந்துபோகிறதே, அதே கணக்குதான்.

உங்கள் நாக்கில் இருப்பது பெரும்பாலும் 1.6 மில்லிமீட்டர் தடிமனான கம்பி. அது அங்கேயே இருக்கப்போகிறது. காயத்தை மூட முடியாத உடம்பு, கம்பியைச் சுற்றி உள்பக்கமாக ஒரு மெல்லிய தோல் குழாய் கட்டுகிறது. குத்திய காதில் ஓட்டை நிலைப்பதும் இப்படித்தான். இந்த வேலைக்கு 4 முதல் 6 வாரம் ஆகும், சிலருக்கு 8 வாரமும் ஆகும். அதுவரைக்கும் அது திறந்த காயம். அண்ணனோடு போட்டி போட வேண்டாம்.

ஒன்றில் மட்டும் அண்ணனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். அலகு குத்துவதற்கு முன்னால் அவர் விரதம் இருக்கிறார், மது இல்லை, சிகரெட் இல்லை. நீங்கள் அந்த விரதத்தைக் குத்திய பிறகு இருங்கள். மது, சிகரெட், வேப் மூன்றும் ஆறும்வரை வேண்டாம். முத்தமும் வாய்வழி உறவும் அதே பட்டியலில்தான் வருகின்றன. அடுத்தவர் எச்சிலில் உள்ள கிருமி திறந்த காயத்தில் சேரக் கூடாது. தோழியின் மைலோ ஐஸில் அதே உறிஞ்சுகுழாயைப் போட்டுக் குடிப்பதும் கூடாது. பத்து ஃபெரிங்கி கடற்கரைத் தண்ணீரையும் நீச்சல் குளத்தையும் கொஞ்ச நாள் கரையிலிருந்து பாருங்கள்.

மருந்து என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் ஒரு குவளை, அதாவது 250 மில்லி. அதில் கால் தேக்கரண்டி உப்பு, அவ்வளவுதான். அம்மா கையால் கலந்தால் ஒரு தேக்கரண்டி விழும், ‘உப்பு கூடினால் சீக்கிரம் ஆறும்’ என்பார். ஆறாது, எரியும், புதிதாக வளரும் தோலும் காய்ந்துபோகும். ஒவ்வொரு முறை சாப்பிட்ட பிறகும், படுக்கும் முன்னும், அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் கொப்பளியுங்கள். பார்மசியில் மவுத்வாஷ் வாங்கினால் ஆல்கஹால் சேராததாகப் பார்த்து வாங்குங்கள். நாளுக்கு இரண்டு முறை போதும். ஆறேழு முறை கொப்பளித்து நாக்கில் வெள்ளைப் படலத்தோடு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வாயிலுள்ள நல்ல கிருமிகளையும் சேர்த்து விரட்டினால் பூஞ்சை வந்து குடியேறும். குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷை மருத்துவர் சொல்லாமல் வாரக்கணக்கில் பயன்படுத்தாதீர்கள். பல்லில் பழுப்புக் கறை படியும், கோப்பியும் தே தாரிக்கும் குடிக்கிற நம் ஊர்ப் பற்களில் இன்னும் நன்றாகப் படியும். ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டவே வேண்டாம்.

மஞ்சள், தேன்? அம்மாவின் கோபத்தில் நியாயம் இருக்கலாம், வைத்தியத்தில் இல்லை. சமையலறை மஞ்சள்தூள் கிருமி நீக்கியது அல்ல. கம்பியின் இடுக்கில் மணல் மாதிரி போய் உட்கார்ந்துகொள்ளும். தேன் அதைப் பசையாக்கி அங்கேயே பிடித்துவைக்கும். குழம்பில் போட்டால் போதும் என்று அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கடையில் கொடுத்த தாளில் அநேகமாக இருக்காத ஒன்று, நாக்கு வழிப்பான். காலையில் பல் தேய்த்ததும் கை தானாக அதற்குப் போகும் குடும்பம்தானே நாம்? அதன் விளிம்பு குண்டில் மாட்டி இழுத்தால் அதுவரை கட்டிய குழாய் கிழிந்து மறுபடி ரத்தம் வரும். ஆறும்வரை அதை எடுத்து உள்ளே வையுங்கள். புதிதாக ஒரு மென்மையான பிரஷ் வாங்கிப் பல்லைத் தேயுங்கள், நாக்கின் மேல் குண்டைத் தொடாமல் லேசாக ஓட்டுங்கள். நல்லெண்ணெய் கொப்பளிக்கும் பழக்கம் இருந்தால் அதற்கும் விடுமுறை.

சாப்பாட்டில் சூடு, காரம், புளிப்பு, மொறுமொறுப்பு நான்கையும் தள்ளி வையுங்கள். பசியாறுவதற்கு ஆறிய கஞ்சி, இடியாப்பம் தேங்காய்ப்பால். மதியம் குழைந்த தயிர்சாதம். தௌ ஃபூ ஃபா, அந்த மிருதுவான சோயா இனிப்பு, உங்கள் நாக்குக்காகவே செய்தது போல இருக்கும், ஆனால் ஆறவைத்துச் சாப்பிடுங்கள். சம்பால், ரசம், ரோஜாக், அன்னாசி எல்லாம் பின்னால். மீ, அதாவது நூடுல்ஸ் வகையும் கொஞ்ச நாள் வேண்டாம், நீளமாக இருப்பது கம்பியில் சுற்றிக்கொள்ளும். சிறு சிறு வாயாக, கடைவாய்ப் பக்கம் வைத்து மெல்லுங்கள். வீக்கத்துக்கு ஐஸ்கட்டி நல்லது, வீட்டில் கொதித்த தண்ணீரில் செய்ததை மெதுவாக வாயில் கரையவிடுங்கள், கடிக்காதீர்கள்.

வலிக்குப் பனடோல் போதும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றோ இரண்டோ, 6 மணி நேரத்துக்கு ஒரு முறை, நாள் முழுக்க 8 மாத்திரைக்கு மேல் கூடாது. ஐபுபுரோஃபென் வீக்கத்தையும் குறைக்கும் என்று பலர் வாங்கிப் போடுகிறார்கள். குடல்புண்ணோ ஆஸ்துமாவோ இருந்தால் அது ஆகாது. இன்னொன்று, நாம் இருப்பது டிங்கி (டெங்கு) காய்ச்சல் உள்ள நாடு. இந்த வாரம் காய்ச்சல் வந்தால் எல்லாவற்றுக்கும் நாக்கின் மேல் பழியைப் போடாமல் ரத்தம் சோதித்துப் பாருங்கள், அதுவரை ஐபுபுரோஃபெனும் ஆஸ்பிரினும் தொடாதீர்கள். டிங்கியில் அவை ரத்தக்கசிவை அதிகமாக்கும்.

எப்போது பயப்பட வேண்டும் என்பதை மட்டும் ஒன்றுக்கு இரண்டு முறை படியுங்கள். வீக்கம் ஐந்தாறு நாளுக்குப் பிறகும் இறங்காமல் ஏறினால், சீழ் வந்தால், கழுத்தில் நெறி கட்டினால், காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் அன்றைக்கே கிளினிக். அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளிதான் (ஒரு ரிங்கிட்), செலவைக் காரணம் சொல்ல முடியாது. குண்டு நாக்குக்குள் புதைவது போலத் தெரிந்தாலும் காத்திருக்காதீர்கள், இன்னும் நீளமான கம்பியாக மாற்றிப் போட வேண்டும். கிருமித் தொற்று என்று சந்தேகம் வந்தால் நீங்களாகக் கழற்றாதீர்கள், காயத்தின் வாய் மூடிக்கொண்டு சீழ் உள்ளே அடைபடலாம். கழற்றுவதா வேண்டாமா என்பதை மருத்துவர் பார்த்து முடிவு செய்யட்டும்.

இதைத் தாண்டி ஒரு நிலை இருக்கிறது. நாக்குக்கு அடியிலும் தாடைக்குக் கீழும் கல் மாதிரி வீங்குவது, வாயைத் திறக்க முடியாதது, எச்சிலை விழுங்க முடியாமல் வழியவிடுவது, குரல் அடைப்பது, மூச்சு வாங்குவது. அரிதுதான். ஆனால் வந்தால் மூச்சுக்குழாயை அடைக்கும். அப்போது கிளினிக் இல்லை, பாலம் தாண்டிப் பினாங்குத் தீவுக்கு வருவதும் இல்லை. நேரே செபராங் ஜெயா மருத்துவமனையின் அவசரப் பிரிவு, இல்லையென்றால் 999. அழுத்திப் பிடித்தும் நிற்காத ரத்தத்துக்கும் இதுவே.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். இதய வால்வு மாற்றியிருக்கிறீர்களா, பிறவியிலேயே இதயக் கோளாறு உண்டா, ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு பாதிக்கப்பட்டதா, நீரிழிவு இருக்கிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் காய்ச்சல் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். வாயில் உள்ள கிருமி ரத்தம் வழியாக இதயத்துக்குப் போய் உட்காரும் வாய்ப்பு இவர்களுக்கு அதிகம். ஊசியை உங்கள் கண் முன்னால் புது உறையிலிருந்து பிரித்தார்களா என்பதையும் நினைத்துப் பாருங்கள். மலேசியாவில் 1989-லிருந்து குழந்தைகளுக்கு ஹெப்பாடிட்டிஸ் பி தடுப்பூசி போடுகிறார்கள், அதனால் உங்களுக்கு அநேகமாகப் போட்டிருக்கும். ஹெப்பாடிட்டிஸ் சி-க்குத் தடுப்பூசியே கிடையாது. சந்தேகம் இருந்தால் ரத்தச் சோதனை செய்துகொள்வதில் வெட்கம் வேண்டாம்.

இரவு படுக்கும் முன் கையை சோப்புப் போட்டுக் கழுவி, இரண்டு குண்டும் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். கழன்று விழுங்கிவிட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, வந்த வழியில் போய்விடும். ஆனால் விழுங்கியபின் விடாமல் இருமல் வந்தால் அது நுரையீரல் பக்கம் போயிருக்கலாம், மருத்துவமனைக்குப் போங்கள்.

ஆறிய பிறகு வருவதுதான் எனக்கு அதிகக் கவலை. வீக்கம் வடிந்ததும் அந்த நீளக் கம்பிக்கு வேலை முடிந்தது. குத்தி இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் கடைக்குத் திரும்பிப் போய்ச் சிறிய கம்பியாக மாற்ற வேண்டும். பாதிப் பேர் வலி போனதும் மறந்துவிடுகிறார்கள். நீளக் கம்பி கீழ் முன்பற்களின் பின்பக்க ஈறில் நாள் முழுக்க உரசும், ஈறு மெல்லக் கீழே இறங்கும். இறங்கிய ஈறு தானாக ஏறாது. அதோடு குண்டைப் பல்லில் தட்டி ‘டக் டக்’ என்று விளையாடும் பழக்கம் ஒன்று வரும். ஒரு வாலிபர் என்னிடம் வந்தபோது, பேசிக்கொண்டே நிமிடத்துக்கு நாலு முறை தட்டினார். கடைவாய்ப் பல்லின் ஓரம் ஏற்கெனவே உடைந்திருந்தது, அவருக்குத் தெரியவே இல்லை. எத்தனை வருடம் போட்டிருக்கிறீர்களோ அந்த அளவுக்குப் பல்லுக்கும் ஈறுக்கும் ஆபத்து கூடும்.

கம்பியை மாற்றும்போது இம்ப்ளான்ட் தரத்து, அதாவது உடலுக்குள் பொருத்தத் தகுந்த டைட்டானியம் கேளுங்கள். நிக்கல் சேர்ந்த மலிவு உலோகம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. புதிய காயத்தில் கழற்றினால் சில மணி நேரத்திலேயே ஓட்டை சுருங்கிவிடும், அதனால் நீங்களாக வீட்டில் கண்ணாடி முன் முயற்சி செய்யாதீர்கள். கடைக்கு இன்றைக்கே போன் செய்து தேதி வாங்கிவிடுங்கள். பேச்சு இன்னும் குழறினால் வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்.