வானத்தில் பட்டை, கிம்ப்பில் 16 பிட், பிரிந்துபோன ஃபோர்க்குகள்: சில கேள்விகள்

கேள்வி: சூரியன் மறையும் படம் ஒன்றில், கிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளில், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கர்வ்ஸ் கருவியை வைத்து வானத்தைக் கொஞ்சம் தூக்கினேன். இப்போது வானம் முழுக்கப் பட்டை பட்டையாகத் தெரிகிறது. கேமரா கோளாறா?

கேமராவைத் திட்டாதீர்கள். ஜேபெக் படம் 8 பிட், அதாவது ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். உங்கள் வானத்தில் நீலம் இடது ஓரத்தில் 150, வலது ஓரத்தில் 190 என்று வைத்துக்கொள்வோம். மொத்தமே 40 படி. படம் 6000 பிக்சல் அகலம் என்றால் ஒரு படியின் அகலம் 150 பிக்சல். பக்கத்துப் படியோடு வித்தியாசம் ஒன்றே ஒன்று என்பதால் அதுவரை கண்ணுக்குத் தெரியவில்லை, நீங்கள் கர்வ்ஸை இழுத்து அந்த 40-ஐ 120 அளவுக்கு விரித்ததும் ஒவ்வொரு படியும் மூன்று மூன்றாகத் தாவ ஆரம்பித்துவிட்டது, நடுவில் நிரப்ப எந்த எண்ணும் இல்லை. அதுதான் பட்டை. அடுத்த முறை ரா கோப்பாக (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுங்கள், 14 பிட் ராவில் 16,384 படிகள் இருக்கும். ராவை கிம்ப் தானாகத் திறக்காது. ராவைத் திறக்கும் டார்க்டேபிள், ராதெரபீ மென்பொருள்களில் ஒன்றை நிறுவியிருந்தால், 2.10 பதிப்பிலிருந்து கிம்ப் கோப்பை அதனிடம் கொடுத்து வாங்கிக்கொள்ளும்.

கேள்வி: அந்த ஜேபெக்கையே 16 பிட்டுக்கு மாற்றிவிட்டு எடிட் செய்தால்?

டம்ளரில் இருக்கும் சாம்பாரைக் குண்டானில் ஊற்றினால் சாம்பார் கூடிவிடாது. ஆனால் கிண்ட இடம் கிடைக்கும். கர்வ்ஸ், பிறகு லெவல்ஸ், பிறகு ஒரு மங்கல் என்று நாலைந்து வேலை அடுத்தடுத்துச் செய்யும்போது, 8 பிட்டில் ஒவ்வொரு முறையும் பின்னம் முழு எண்ணாக வெட்டப்பட்டு நஷ்டம் சேர்ந்துகொண்டே போகும், 16-ல் அது கிட்டத்தட்ட இருக்காது. ஆகவே மாற்றுவது வீண் இல்லை. போன படிகள் மட்டும் திரும்பி வராது.

கேள்வி: 32 பிட் ஃப்ளோட் (பின்ன எண்களாகவே வைக்கும் முறை) இருக்கும்போது எதற்கு 16? என்னிடம் 8 ஜிபி ரேம் இருக்கிறது.

6000×4000 படம் என்றால் 2.4 கோடி பிக்சல். மூன்று நிறம், ஆல்ஃபா (எவ்வளவு ஊடுருவித் தெரியும் என்ற அளவு) சேர்த்து நான்கு சேனல், 8 பிட்டில் ஒரு லேயருக்கு 96 எம்பி, 16-ல் 192, 32-ல் 384. பத்து லேயர் போட்டுப் பாருங்கள், 3.8 ஜிபி போய்விடும், அண்டூவுக்குத் தனிக் கணக்கு. போட்டோ வேலைக்கு 16 தாராளம்.

கேள்வி: கிம்ப்புக்கு 16 பிட் வர 2018 வரை ஏன் ஆனது? சோம்பேறித்தனமா?

இந்தக் கேள்வி வந்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும், ஆனால் நியாயமான கேள்விதான். உண்மையில் 16 பிட் கிம்ப் 1998-லேயே தொடங்கிவிட்டது. ரிதம் அண்ட் ஹ்யூஸ், சிலிக்கான் கிரெயில் என்ற இரண்டு ஹாலிவுட் நிறுவனங்களுக்கு சினிமா ஃபிரேமைத் தொட 8 பிட் போதவில்லை, அதனால் அவர்கள் ஆதரவில் ஒரு தனிக் கிளை, அதாவது ஃபோர்க், உருவானது. அதுதான் ஃபிலிம் கிம்ப். ஆனால் மூல கிம்ப்பில் ஒரு சேனலுக்கு ஒரு பைட் என்பது தூரிகை, ஃபில்டர், லேயர் கலப்பு, ப்ளகின் என்று எல்லா மூலையிலும் ஊறிப்போயிருந்தது. அந்தக் கிளையை அப்படியே இணைக்க வேண்டாம், அடித்தளத்தையே புதிதாகப் போடலாம் என்று கிம்ப் நிரலர்கள் முடிவெடுத்தார்கள். அந்த அடித்தளம்தான் ஜெகல், 2000-ல் ஆரம்பித்தது. அதை ஆரம்பித்தவர்களும் ரிதம் அண்ட் ஹ்யூஸ்காரர்களே என்பது வேடிக்கை.

அப்புறம் இழுத்தது பாருங்கள். 2008-ல் வந்த 2.6-ல் ஜெகல் ஒரு ஓரமாக எட்டிப்பார்த்தது. 2012-ல் இரண்டு நிரலர்கள் சுமார் மூன்று வாரம் ஒன்றாக உட்கார்ந்து மையப் பகுதியின் பெரும்பங்கை ஜெகலுக்கு மாற்றினார்கள். பயனர் கைக்கு வந்தது 2018 ஏப்ரலில், 2.10 வழியாக. அதற்குள் ஃபிலிம் கிம்ப் 2002-ல் பொதுவெளிக்கு வந்து, சினிபெயிண்ட் என்று பெயர் மாற்றி, பழைய கிம்ப் 1.0-ன் உடம்போடு பின்தங்கிப்போனது. 16 பிட் அவர்களிடம் முதலில் இருந்தது, மூலத்தில் வந்த மற்ற எதுவும் அவர்களிடம் இல்லை. ஃபோர்க் எடுத்தவன் அன்றிலிருந்து இரண்டு மாட்டுக்கும் தீனி போட வேண்டும்: தன் புது வசதிக்கும், மூலத்தில் தினமும் நடக்கும் திருத்தங்களுக்கும்.

கேள்வி: கிம்ப்பிலிருந்து பிரிந்த கிளிம்ப்ஸ் என்ற ஃபோர்க் இன்னும் உயிரோடு இருக்கிறதா?

இல்லை. கிம்ப் என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் மாற்றுத்திறனாளிகளை இழிவாகச் சொல்லும் பொருள் உண்டு என்பதால் 2019-ல் பிரிந்தது, 2021-ல் பங்களிப்பாளர் பற்றாக்குறையால் நின்றது. அதன் நிற ஆழம் எல்லாம் கிம்ப் 2.10-உடையதே. பெயர் பற்றிய வருத்தம் நியாயம்தான், அதற்காக இன்று அதை நிறுவச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: அச்சகத்தில் சிஎம்ஒய்கே (அச்சு மைகளின் நான்கு நிற முறை) கோப்பு கேட்கிறார்கள். கிம்ப்பா, கிரிட்டாவா?

சிஎம்ஒய்கேயிலேயே வரைந்து திருத்த வேண்டும் என்றால் கிரிட்டா. அது கிம்ப்பின் ஃபோர்க் இல்லை, கேடிஈ என்ற கட்டற்ற மென்பொருள் குழுவின் பக்கம் தனியாக வளர்ந்த ஓவிய மென்பொருள். கிம்ப் 2025-ல் வந்த 3.0-விலும் உள்ளே ஆர்ஜிபியில்தான் (திரையின் சிவப்பு, பச்சை, நீல முறை) வேலை செய்கிறது, அச்சில் எப்படித் தெரியும் என்று பார்த்துவிட்டு, எக்ஸ்போர்ட் செய்யும்போது சிஎம்ஒய்கே ஆக்கலாம். எதை எடுத்தாலும் அச்சகத்திடம் அவர்களுடைய ஐசிசி ப்ரொஃபைலை (அவர்கள் அச்சில் நிறம் எப்படி வரும் என்று சொல்லும் கோப்பு) முதலில் கேட்டு வாங்கிவிடுங்கள். "ஏதோ ஒன்று போட்டு அனுப்புங்க சார்" என்று சொன்னால், ஒரு பக்கம் மாதிரி அடித்துத் தரச் சொல்லிப் பார்த்துவிட்டு மீதியை அனுப்புங்கள்.