அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த முதல் ரயில் பாதையைக் கட்டியது யார்? அதனால் என்ன லாபம்?

தேர்வுக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மேற்குப் பக்கப் பாதையைப் போட்ட கம்பெனியின் முதலாளிகளான ஸ்டான்ஃபோர்ட், ஹண்டிங்டன், ஹாப்கின்ஸ், கிராக்கர் என்று நான்கு வியாபாரிகள் பெயரை எழுதினால் மார்க் கிடைத்துவிடும். இங்கே மற்றவர்களும் அதையேதான் எழுதியிருக்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. என் அப்பா ரயில்வே கேங்மேன், தண்டவாளத்தைப் பராமரிக்கும் தொழிலாளி.

போன கோடையில் கலிபோர்னியாவின் டானர் கணவாய்க்குப் போயிருந்தேன். அந்த ரயில் பாதைக்காகக் குடைந்த 1,659 அடி நீளச் சுரங்கம், முழுக்கக் கருங்கல். தண்டவாளத்தை 1993இல் எடுத்துவிட்டார்கள். செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால் சுவரெங்கும் அரைவட்டமாகத் துளைத்தடம். ஒருவர் உளியைப் பிடித்துத் திருப்பத் திருப்ப, மற்றவர்கள் சம்மட்டியால் அடித்துப் போட்டவை. அதில் மருந்து அடைத்து வெடித்தும், ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு அடிதான் நகர்ந்திருக்கிறது. அந்தத் தடத்தில் விரலை வைத்தேன். அப்பாவின் உள்ளங்கைக் காய்ப்பு ஞாபகம் வந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அடித்தவர்கள் பெரும்பாலும் சீனாவின் குவாங்டாங்கிலிருந்து வந்தவர்கள். வெள்ளைக்காரத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு சாப்பாடும் உண்டு. இவர்களுக்குச் சாப்பாடு கைக்காசில். 1867 ஜூனில் மாதம் 40 டாலர் கேட்டு வேலையை நிறுத்தினார்கள். கிராக்கர் மலைக்குச் சாப்பாட்டுச் சாமான் போகவிடாமல் தடுத்தார். ஒரு வாரத்தில் திரும்பவும் உளியைத் தூக்க வேண்டியதாயிற்று.

முதலாளிகள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். பணம் புரட்டியவர்கள் அவர்கள்தான். ஆனால் மைலுக்கு 16,000 முதல் 48,000 டாலர் வரை கடன் பத்திரமும், போதாததற்கு நிலமும் அரசு கொடுத்தது.

லாபமா? 1869 மே 10இல் யூட்டாவில் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் போட்டுவந்த இரண்டு பாதைகளும் சேர்ந்தன. மாதக்கணக்கில் ஆன பயணம் ஒரு வாரமாகச் சுருங்கியது. பின்னாளில் கலிபோர்னியாப் பழங்கள் ஐஸ் வைத்த பெட்டிகளில் கிழக்கே போய் விலைபோயின. வழியில் இருந்த பூர்வகுடிகள் நிலத்தை இழந்தார்கள். 1882இல் சீனத் தொழிலாளிகள் இனி வரவே கூடாது என்று சட்டம் போட்டார்கள்.

1869 ஏப்ரல் 28இல் ஒரே நாளில் 10 மைல் பாதை போட்டார்கள். அன்று தண்டவாளம் தூக்கிய 8 ஐரிஷ்காரர்களின் பெயர் இருக்கிறது. சீனர்களுக்கோ, சம்பளப் பதிவேட்டில் பெரும்பாலும் மேஸ்திரி பெயர் மட்டும்தான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். அப்பாவின் ஓய்வூதியப் புத்தகத்தில் பெயரைத் தப்பாக எழுதிவிட்டு, திருத்தித் தர இரண்டு வருஷம் அலையவிட்டார்கள். முட்டி தேய்ந்த மனுஷன் அந்த மாடிப்படியை எத்தனை தடவை ஏறினார் தெரியுமா? திருத்திய புத்தகம் வந்தபோது அப்பா இல்லை.