வாசகர் கேள்வி பதில்: இருட்டையே ஹீரோவாக்கின படம்

கே: 'தி தேர்ட் மேன்'னு பழைய இங்கிலீஷ் படம் பாத்தேன் சார். ஆர்சன் வெல்ஸ் ஒரு மணி நேரம் கழிச்சுதான் வர்றாரு, அதுவும் கொஞ்ச நேரந்தான். ஆனா எல்லாரும் அவரப் பத்தியே பேசுறாங்களே? – வாசகர், குகை, சேலம்

ப: அவர் வராத அந்த ஒரு மணி நேரமும் படத்துல இருக்கிற எல்லாரும் அவரப் பத்திதானே பேசுறாங்க, அதான் விஷயம். வெல்ஸ் நடிச்ச ஹாரி லைம் செத்துட்டான்னு அடக்கமும் பண்ணிடுறாங்க, இந்தப் பூனைக்கு ஹாரிய மட்டுந்தான் பிடிக்கும்னு அவன் காதலி அன்னா போற போக்குல சொல்றா, அப்புறம் ராத்திரி ஒரு வாசப்படி இருட்டுல ரெண்டு ஷூ மட்டும் தெரியுது, பூனை நேரா அங்க போய் லேஸோட விளையாடுது. நமக்கு அப்பவே பக்குன்னு இருக்கும்! எதிர்வீட்டு மாடில யாரோ சத்தம் தாங்காம லைட்டப் போட, வெளிச்சம் அவர் மூஞ்சில விழுது, லேசா ஒரு சிரிப்பு. இதவிட நல்ல என்ட்ரி நான் பாத்ததில்ல.

கே: தெருவெல்லாம் பளபளன்னு ஈரமாவே இருக்கே, மழைல எடுத்தாங்களா? – வாசகி, அஸ்தம்பட்டி

ப: இல்லம்மா, தண்ணி அடிச்சு நனைச்சதுதான். 1948 கடைசில வியன்னாவுல ஷூட்டிங், சண்டைல இடிஞ்சு போய் நாலு நாட்டுக்காரங்க பங்கு போட்டு வச்சிருந்த ஊரு, கதைல வர்ற கலப்பட பென்சிலின் பிளாக் மார்க்கெட்டுக்கு ஏத்த இடம். காஞ்ச கல்லு வெளிச்சத்த முழுங்கிடும், நனைஞ்ச கல்லு திருப்பிக் குடுக்கும், அதனால ஒரே ஒரு லைட்ட தூரத்துல வச்சா தெரு முழுக்க கோடு கோடா மின்னும். கேமராமேன் ராபர்ட் கிராஸ்கருக்கு ஆஸ்கார் கிடைச்சது. சாக்கடை சேஸிங்ல வெல்ஸுக்கு நிஜ சாக்கடை ஒத்துக்கல, அவர் போர்ஷன் நிறைய இங்கிலாந்துல செட் போட்டு எடுத்தாங்க, கம்பி மூடிக்கு வெளிய நீட்டுற விரல்கள் டைரக்டர் கேரல் ரீடோடது. மியூசிக் முழுக்க ஸிதர்ங்கிற தந்தி வாத்தியம் ஒண்ணு மட்டுந்தான், வாசிச்சவர் வியன்னா ஒயின் கடைல வாசிச்சிட்டிருந்த ஆண்டன் கராஸ்.

கே: கடைசில அன்னாவையும் ஹீரோவையும் ஜோடி சேத்து வச்சிருக்கலாமே? – வாசகர், செவ்வாய்பேட்டை

ப: கதை எழுதின கிரகாம் கிரீனும் அதத்தான் கேட்டாரு, ரீட் ஒத்துக்கல. ரீட்தான் சரின்னு கிரீனே பின்னாடி எழுதிட்டாரு. நானும் ரீட் கட்சி.

கே: நம்ம சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் இந்த மாதிரி எடுத்திருக்காங்களா? – வாசகர், ஏற்காடு

ப: மர்மக் கதை நிறைய எடுத்தாங்க. 1950ல வந்த 'திகம்பர சாமியார்' பாருங்க, வடுவூர் துரைசாமி ஐயங்கார் நாவல், நம்பியார் வேஷத்துக்கு மேல வேஷம் போட்டு பின்னியிருப்பாரு. ஆனா அதுல வேஷந்தான் பலம், இருட்டு இல்ல. தமிழ்ல இருட்ட நம்பி எடுத்ததுன்னா ஏவிஎம்மோட 'அந்த நாள்' (1954), எஸ்.பாலசந்தர் டைரக்‌ஷன், பாட்டே கிடையாது, சிவாஜி ஆரம்பத்துலயே சுடப்பட்டு செத்துடுவாரு. அந்தக் காலத்துல அப்படி ஒரு துணிச்சல்!

ஏற்காட்டுல ஷார்ட் பிலிம் எடுக்கிற பசங்க எல்லாரும் பகல்ல வியூ பாயிண்ட்டயே எடுக்கிறீங்க. ராத்திரி பனி இறங்கினப்புறம் ஒண்டிக்கடை பக்கம் ஆளுக்குப் பின்னாடி ஒரே ஒரு லைட்ட வச்சு எடுத்துப் பாருங்க தம்பி, பனியே வெளிச்சத்தப் பிடிச்சு நிறுத்தும். எடுத்தா எனக்கு அனுப்புங்க, கண்டிப்பா பாத்துட்டு எழுதுறேன்.