வலையில் கட்டும் ஈயத்துக்குக் ‘குண்டு’ என்ற பெயர் துப்பாக்கிக் குண்டிலிருந்து வந்ததா?

இல்லை, துப்பாக்கிதான் பிந்தி வந்தது. உருண்டு திரண்டு, கையில் கனக்கிற எதுவும் குண்டுதான். தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே சொல் உருண்டைக் கல்லைக் குறிக்கும். தாலியில் கோக்கும் குண்டு, கொத்தனாரின் தூக்குக்குண்டு, குண்டுமல்லி எல்லாம் இந்த வழிதான். வெடிமருந்து வந்தபோது, இருந்த சொல்லையே அதற்கும் கொடுத்துவிட்டார்கள்.

கொள்ளிடத்தில் வீச்சுவலை போடுபவரைக் கவனித்துப் பாருங்கள். விளிம்புக் கயிறு முழுக்க ஈயக்குண்டு நெருக்கமாகக் கோத்திருக்கும். வலை வட்டமாக விரிந்து விழுந்ததும், மீன் நழுவுவதற்குள் ஓரம் தரையைத் தொட வேண்டும். ஈயம் தண்ணீரைவிட 11 மடங்கு கனம் என்பதால் சின்னக் குண்டே போதும். அப்புறம் மெதுவாக இழுக்க, குண்டுகள் மணலை உரசிக்கொண்டே நடுவில் வந்து கூடும்.

ஆழம் என்ற பொருளிலும் ஒரு ‘குண்டு’ உண்டு. சங்கப் பாடலில் ‘குண்டுகண் அகழி’ என்றால் ஆழமான அகழி. ஆழத்துக்குப் போவதால்தான் வலைக்குண்டுக்கு அந்தப் பெயர் என்று சிலர் இரண்டையும் முடிச்சுப் போடுவார்கள். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் எனக்கு உடன்பாடில்லை. திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதி இரண்டையும் தனித்தனியாகத்தான் பதிந்திருக்கிறது.