போன் வராத நாட்கள்

கேள்வி: அக்கா, எங்கள் ஊர் வேலூர் பக்கம். கணவர் ராணுவத்தில் ஹவில்தார், மூன்று மாதமாகக் காஷ்மீர் எல்லையில் இருக்கிறார். தினமும் பேசியவர், இப்போது நாலைந்து நாள் சேர்ந்தாற்போல் லைனுக்கே வருவதில்லை. மாமியார் செய்தி சேனலை விட்டு நகர்வதில்லை. எட்டு வயதுப் பையன் திரும்பவும் படுக்கையை நனைக்கிறான். கணவர் மனது கலங்குமே என்று அவரிடம் எதையும் சொல்வதில்லை. எனக்குத் தூக்கமே போய்விட்டது.
- பெயர் வேண்டாம்

பதில்: தங்கச்சி, முதலில் பையன். அவனைத் திட்டாதீர்கள், யார் முன்னாலும் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். பயத்தில் பிள்ளைகளுக்கு இப்படி ஆவதுண்டு. இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள், சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கலாம்.

1999இல் கார்கில் சமயத்தில் என் கணவரும் மேலேதான் இருந்தார். வீட்டில் போன் கிடையாது, '56 ஏ.பி.ஓ.' என்று ராணுவத் தபால் முகவரி எழுதிப் போடும் இன்லேண்ட் லெட்டர்தான். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் என் மகள் கையில் சோற்றோடு வாசலுக்கு ஓடுவாள், சைக்கிள் எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விட்டால் தட்டை நகர்த்தி வைத்துவிடுவாள். நான் 'அப்பா டியூட்டிக்குப் போயிருக்கார்' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளோ பக்கத்து வீட்டு டிவியில் பீரங்கியையெல்லாம் பார்த்துவிட்டு, கேட்டால் அம்மா அழுவாள் என்று கேட்காமலே இருந்திருக்கிறாள். ஏழு வயசு. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

அதனால் சொல்கிறேன், அவனிடம் மறைக்காதீர்கள். 'அப்பா இருக்கிற இடத்தில் சிக்னல் இல்லை, சில நாள் போனைத் தொடவும் முடியாது, கீழே வந்ததும் பேசுவார்' என்று சொன்னால் போதும். ஸ்கூலில் நடந்ததை அவன் அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பட்டும், ஒரே டிக்கில் நின்றாலும் பரவாயில்லை, மலையிலிருந்து இறங்கியதும் அவர் மொத்தத்தையும் கேட்பார். கிளாஸ் டீச்சர் காதிலும் விஷயத்தைப் போட்டு வையுங்கள்.

மாமியாரிடமிருந்து ரிமோட்டைப் பிடுங்க வேண்டாம், அவரும் பெற்றவர்தானே. காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம், பையன் வீட்டில் இருக்கும்போது செய்தி வேண்டாம் என்று பேசி வையுங்கள். ஏதாவது என்றால் யூனிட்டிலிருந்து வீட்டுக்குத் தகவல் வரும், டிவியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை என்பதை அவருக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

கணவரிடமும் சொல்லத்தான் வேண்டும். 'இவன் இப்படி இருக்கான், இன்னின்னது செய்திருக்கேன்' என்று சேர்த்தே சொல்லுங்கள். குரலை வைத்தே அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், சொல்லாமல் விட்டால்தான் அங்கே கற்பனை ஓடும்.

அப்புறம் உங்கள் தூக்கம். 14416க்கு ராத்திரியிலும் போன் செய்யலாம், டெலி மானஸ் என்ற அரசு மனநல சேவை, இலவசம், தமிழில் பேசலாம். படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் என்றே 2023 டிசம்பரில் புனேயில் தனிப் பிரிவும் தொடங்கியிருக்கிறார்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தைப் பெயரைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள், பணியில் இருப்பவர்களின் குடும்பமும் அங்கே போகலாம். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், உங்கள் பக்கம் தெருவுக்கு ஒரு பட்டாளத்து வீடு இருக்குமே, அந்த வீட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு போங்கள்.